இரட்டைக் குழந்தைகளுக்குச் சுகப்பிரசவமா, சிசேரியனா? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

ஸ்கேனில் இரண்டு இதயத்துடிப்பு தெரிந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி நம் கூடவே வரும். "ரெட்டையா? அப்ப ஆபரேஷன்தான்" என்பார் ஒருவர். "அந்தக் காலத்துல எல்லாரும் தானா பெத்தாங்களே" என்பார் இன்னொருவர். டாக்டரோ "பார்க்கலாம்" என்று நிறுத்திக்கொள்வார். எதைக் கேட்டாலும் பயம் குறையாது. நான் இரட்டையரைச் சுகப்பிரசவத்தில் பெற்றவள், அதனால் இரண்டைச் சுமந்துகொண்டு முடிவெடுக்க முடியாமல் தவிக்கிற பெண்கள் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரட்டைப் பிரசவத்தில் உண்மையான கேள்வி முதல் குழந்தை எப்படி வரும் என்பதில் இல்லை. முதல் குழந்தை வெளியே வந்து அழுதுகொண்டிருக்கும்போது இரண்டாவது இன்னும் உள்ளே இருக்குமே, அந்தச் சில நிமிடங்களில் அறையில் யார் இருப்பார்கள், அவர்கள் கைக்கு என்ன தெரியும் என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா. எல்லா இரட்டையரும் ஒரே மாதிரி இல்லை. இருவருக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி, தனித்தனி பனிக்குடம் இருக்கலாம். நஞ்சுக்கொடி ஒன்றாகவும் பனிக்குடம் இரண்டாகவும் இருக்கலாம். அபூர்வமாக இரண்டுமே ஒன்றாக இருக்கும். முதல் மூன்று மாத ஸ்கேனில்தான் இது தெளிவாகத் தெரியும், பிறகு பிரித்துச் சொல்வது கடினமாகிவிடும், அதனால் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பிரசவத் தேதியையே இதுதான் தீர்மானிக்கிறது. சிக்கல் எதுவும் இல்லாதபோது தனித்தனி நஞ்சுக்கொடி என்றால் 37 வாரம், ஒரே நஞ்சுக்கொடி என்றால் 36 வாரம் முடிந்ததும் பிரசவத்தை நடத்தச் சொல்கிறது நைஸ் (NICE) என்ற பிரிட்டன் சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் தனித்தனி நஞ்சுக்கொடிக்கு 38 வாரம் வரை போகலாம் என்கிறார்கள்.

முதல் குழந்தையின் தலை கீழே இருக்கிறதா. கர்ப்பப்பை வாய்க்கு அருகில் இருப்பதுதான் முதல் குழந்தை. அதன் தலை கீழே இருந்தால் சுகப்பிரசவத்துக்கு வழி திறந்திருக்கிறது. இரண்டாவது குழந்தை எப்படிப் படுத்திருக்கிறது என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன், இதைக் கேட்டதும் முதலில் எனக்கும் நம்பிக்கை வரவில்லை.

எடையும் வாரமும். குழந்தைகள் மிகச் சிறியதாக இருந்தாலோ, இரண்டாவது முதலாவதைவிட நன்றாகப் பெரிதாக இருந்தாலோ டாக்டர் தயங்குவார். குறிப்பாக, 1500 கிராமுக்குக் கீழே உள்ள இரண்டாவது குழந்தையைக் காலைப் பிடித்து எடுப்பதைப் பலர் தவிர்க்கிறார்கள்.

உங்கள் உடலின் பழைய கணக்கு. ஏற்கெனவே சுகப்பிரசவம் ஆகியிருந்தால் வாய்ப்பு கூடும். ஏற்கெனவே சிசேரியன் ஆகியிருந்தால் பேச்சே வேறு, அதைத் தனியாக டாக்டரிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

மருத்துவமனை. மேலே சொன்ன நான்கும் சரியாக இருந்து இது மட்டும் சரியில்லை என்றால் அந்த நான்கும் பயன்படாது.

சிலருக்கு இந்தத் தேர்வே இல்லை. ஒரே பனிக்குடத்தில் இரண்டு குழந்தைகள் இருந்தால் தொப்புள்கொடிகள் ஒன்றோடொன்று சிக்கும் ஆபத்து இருப்பதால் 32, 33 வாரத்திலேயே சிசேரியன்தான். முதல் குழந்தை குறுக்காகப் படுத்திருந்தாலோ நஞ்சுக்கொடி வழியை அடைத்திருந்தாலோ அப்படியே. முதல் குழந்தையின் பின்பக்கமோ கால்களோ கீழே இருந்தாலும் பெரும்பாலான இடங்களில் சிசேரியன்தான் சொல்வார்கள். இவர்கள் கீழே மூன்றாம் வழியை மட்டும் படித்தால் போதும், குற்ற உணர்ச்சி எதுவும் தேவையில்லை.

## வழி 1: வலி தானாக வரும் வரை காத்திருப்பது

இரட்டைக் கர்ப்பங்களில் நூற்றுக்குச் சுமார் 60 பேருக்கு 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆகிவிடுகிறது. அதாவது பலருக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே இருக்காது, பை அடுக்கி வைப்பதற்குள் பனிக்குடம் உடைந்திருக்கும். 32 வாரத்திலேயே பையைத் தயார் செய்துவிடுங்கள்.

தானாக வரும் வலியில் உடல் அதன் வேகத்தில் போகிறது, கர்ப்பப்பை வாய் தயாராகிவிட்டுத்தான் திறக்கிறது, மருந்து குறைவு. ஏற்கெனவே ஒரு சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு இது மிக நல்ல வழி.

ஆனால் இதில் ஒரு செலவு மறைந்திருக்கிறது. வலி எந்த நேரத்தில் வரும் என்று உங்கள் கையில் இல்லை. இரவு இரண்டு மணிக்கு வலி வந்து மருத்துவமனைக்குப் போனால், இரட்டைப் பிரசவத்தில் கைதேர்ந்த டாக்டர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கலாம், மயக்க மருந்து நிபுணர் அரை மணி நேரத் தொலைவில் இருக்கலாம். எந்நேரமும் முழுக் குழுவும் உள்ளேயே இருக்கும் பெரிய மருத்துவமனை என்றால் இந்தக் கவலை இல்லை. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. இரட்டையரில் 38 வாரத்துக்கு மேல் போகப் போக நஞ்சுக்கொடி தளர்ந்து, உள்ளேயே குழந்தை இறக்கும் ஆபத்து கூடுகிறது. ஒற்றைக் குழந்தையைப் போல 40, 41 வாரம் என்று கணக்குப் போடாதீர்கள்.

## வழி 2: நாள் குறித்து வலி வரவைப்பது

நான் போனது இந்த வழியில். 37 வாரம் முடிந்து இரண்டாம் நாள் காலையில் அட்மிட் ஆனேன். கர்ப்பப்பை வாய் இன்னும் இளகித் தயாராகாமல் இருந்தால் மாத்திரையோ ஜெல்லோ வைப்பார்கள், அல்லது சின்ன பலூன் ஒன்றை உள்ளே வைத்து மெதுவாக விரியச் செய்வார்கள். கொஞ்சம் திறந்ததும் முதல் குழந்தையின் பனிக்குடத்தை உடைத்து, வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் மருந்தை டிரிப்பில் ஏற்றுவார்கள். வலி வரவைத்தால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துப் போனேன், எனக்கு ஒன்றரை நாள் ஆனது. இது வழக்கத்துக்கு மாறானதும் இல்லை. முதல் பிரசவம் என்றால் மனதை அதற்குத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இதன் பெரிய நன்மை, நேரத்தை நீங்கள் ஓரளவு தேர்ந்தெடுக்கிறீர்கள். டாக்டர்கள், குழந்தை மருத்துவர்கள், மயக்க மருந்து நிபுணர், தயாரான ரத்தம் எல்லாம் இருக்கும் நாளில் பிரசவம் நடக்க வாய்ப்பு அதிகம். ஒரே நஞ்சுக்கொடி உள்ள இரட்டையருக்கு நாள் தள்ளிப்போகக் கூடாது என்பதால் அவர்களில் சுகப்பிரசவம் விரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் வழியாக அமைகிறது.

மறைந்த செலவுகள் என்றால், முதலில் அசைய முடியாமை. இரண்டு குழந்தைகளின் இதயத்துடிப்பையும் தொடர்ந்து பதிவு செய்தாக வேண்டும், அதனால் வயிற்றில் இரண்டு பட்டைகள், கையில் டிரிப், நடமாட்டம் மிகக் குறைவு. (இரண்டு கோடுகளும் ஒரே குழந்தையுடையதாக இருந்துவிடக் கூடாது என்பதால் அவ்வப்போது ஸ்கேன் வைத்துப் பார்ப்பார்கள். உங்கள் ஊழியர் அப்படிப் பார்க்கவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள்.) அடுத்தது, எல்லாம் செய்தும் கர்ப்பப்பை வாய் திறக்காமல் போனால் ஒன்றரை நாள் களைப்புக்குப் பிறகு சிசேரியனுக்குப் போக நேரும். அது நேராகச் சிசேரியனுக்குப் போவதைவிடக் கடினம்.

## வழி 3: திட்டமிட்ட சிசேரியன்

தேதி தெரியும், நேரம் தெரியும், இரண்டு குழந்தைகளும் ஓரிரு நிமிட இடைவெளியில் வந்துவிடும். ஒன்று சுகப்பிரசவம், மற்றது அவசர சிசேரியன் என்ற நிலைமை கிட்டத்தட்ட வராது. மனதில் பிரசவ பயம் ஆழமாக இருப்பவர்களுக்கு இந்த நிம்மதி சிறிய விஷயம் இல்லை, அதை யாரும் குறைத்துப் பேசவும் கூடாது.

இதன் மறைந்த செலவுகளை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வலி தொடங்காமலே எடுக்கப்படும் குழந்தைகளுக்கு நுரையீரலில் உள்ள நீர் வற்றாமல் மூச்சுத் திணறல் வர வாய்ப்பு அதிகம். வாரம் குறையக் குறைய இது கூடும், இரட்டையரை எடுப்பதே 37, 38 வாரத்தில் என்பதால் இது நேரடியாக நம்மைத் தொடும். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில், அம்மா தையலோடு வேறு மாடியில் என்று நாட்கள் போகலாம்.

அப்புறம், தையல். ஒரு குழந்தையோடு சிசேரியன் காயம் ஆறுவது வேறு, இரண்டு குழந்தைகளை இரவெல்லாம் மாறி மாறித் தூக்கிக்கொண்டு ஆறுவது வேறு. முதல் சில வாரங்கள் உதவிக்கு ஒரு முழு ஆள் தேவை. காலில் ரத்தம் கட்டும் ஆபத்தும் சற்று அதிகம், அதற்கு ஊசி போட வேண்டி வரலாம். மேலும் குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்: கர்ப்பப்பையில் தழும்பு இருந்தால் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி அந்தத் தழும்பின் மேல் ஒட்டி ஆழமாகப் பதிந்துவிடும் ஆபத்து உண்டு, ஒவ்வொரு சிசேரியனுக்கும் அது கூடுகிறது.

சிசேரியன் செய்தால் ரத்தப்போக்கு பயம் இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. இரண்டு குழந்தைகளால் மிக அதிகமாக விரிந்த கர்ப்பப்பை பிரசவத்துக்குப் பின் சரியாகச் சுருங்காமல் போவதுதான் ரத்தப்போக்குக்குக் காரணம், எந்த வழியில் பெற்றாலும் அந்தக் கர்ப்பப்பை அதேதான். எந்த வழியானாலும் உங்கள் ரத்த வகை பார்த்து ரத்தம் தயாராக இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | தானாக வலி | வலி வரவைப்பது | திட்டமிட்ட சிசேரியன் |
|---|---|---|---|
| நேரம் நம் கையில் | இல்லை | ஓரளவு | பெரும்பாலும் |
| குழந்தையின் மூச்சுப் பிரச்சினை | குறைவு | குறைவு | கூடுதல் |
| இரண்டாவது குழந்தைக்கு அவசர சிசேரியன் | சிறிய வாய்ப்பு | சிறிய வாய்ப்பு | கிட்டத்தட்ட இல்லை |
| தாய் எழுந்து நடமாடுவது | விரைவில் | விரைவில் | தாமதம் |
| சிறுநீர் கசிவு பின்னாளில் | சற்றுக் கூடுதல் | சற்றுக் கூடுதல் | சற்றுக் குறைவு |
| அடுத்த கர்ப்பத்தில் தழும்பு ஆபத்து | இல்லை | இல்லை | உண்டு |

முதல் இரண்டு பத்திகளும் சுகப்பிரசவமாகவே முடிந்தால்தான் பொருந்தும், நடுவில் சிசேரியன் ஆனால் மூன்றாம் பத்தியின் செலவுகளும் வந்து சேரும்.

## ஆய்வுகள் என்ன சொல்கின்றன

இந்த விஷயத்தில் பெரிய ஆய்வு கனடாவிலிருந்து நடத்தப்பட்டு 2013 இல் வெளியானது. 25 நாடுகளில், முதல் குழந்தையின் தலை கீழே இருந்த சுமார் 2800 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். குழந்தை இறப்பும் கடுமையான பாதிப்பும் சேர்ந்து திட்டமிட்ட சிசேரியன் குழுவில் 2.2%, திட்டமிட்ட சுகப்பிரசவக் குழுவில் 1.9%. வித்தியாசம் இல்லை என்றே பொருள். குழந்தைகளுக்கு இரண்டு வயதானபோது பார்த்ததிலும் வித்தியாசம் இல்லை.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு எண்கள். சுகப்பிரசவம் என்று திட்டமிட்டவர்களில் 43.8% பேருக்குக் கடைசியில் சிசேரியன் ஆனது. எல்லோரும் பயப்படும் அந்த 'ஒன்று அப்படி, ஒன்று இப்படி' 4.2% பேருக்கு நடந்தது. சிசேரியன் என்று திட்டமிட்டவர்களில் சுமார் 9% பேர், தேதிக்கு முன்பே வலி வந்தது போன்ற காரணங்களால், சுகப்பிரசவத்திலேயே பெற்றுவிட்டார்கள். எந்தத் திட்டமும் உறுதிமொழி இல்லை.

பிரான்சில் 2017 இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. அங்கே சுமார் 5900 இரட்டைப் பிரசவங்களைப் பார்த்தார்கள். சுகப்பிரசவத்துக்குத் திட்டமிட்டவர்களில் 80% பேர் இரண்டு குழந்தைகளையும் அப்படியே பெற்றார்கள். குழந்தைகளுக்கான கடுமையான பாதிப்பு அந்தக் குழுவில் 2.2%, திட்டமிட்ட சிசேரியன் குழுவில் 5.2%, அந்த வித்தியாசமும் முக்கியமாக 37 வாரத்துக்கு முன் பிறந்தவர்களிடம். இது குலுக்கல் ஆய்வு இல்லை, அதனால் சிசேரியன்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சுகப்பிரசவம் திட்டமிட்டபடியே முடிந்தது முதல் ஆய்வில் பாதிக்குச் சற்று மேல், பிரான்சில் 80% என்றால், பெண்களின் உடல் மட்டும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. இரண்டாவது குழந்தையை எடுப்பதற்குப் பழகிய கைகள் பிரான்சில் அதிகம் என்பதே என் புரிதல்.

## அந்தச் சில நிமிடங்கள்

என் மகன் பிறந்தபோது அவன் தங்கையின் தலை கீழே இருந்தது, முந்தைய நாள் ஸ்கேனும் அப்படித்தான் சொன்னது. அவன் வெளியே வந்ததும் உள்ளே திடீரென்று நிறைய இடம், அவள் குறுக்காகத் திரும்பிவிட்டாள். இது அபூர்வம் இல்லை, அதனால்தான் இரண்டாவது குழந்தையின் நிலையை வைத்து முன்கூட்டியே முடிவெடுப்பதில் பெரிய பொருள் இல்லை என்று மேலே சொன்னேன்.

ஒரு டாக்டர் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொருவர் கையை உள்ளே விட்டு, பனிக்குடம் உடையாமலே இரண்டு கால்களையும் தேடிப் பிடித்து, மெதுவாகக் கீழே கொண்டுவந்தார். 11 நிமிடத்தில் அவளும் வந்துவிட்டாள். முதல் குழந்தை வழியை ஏற்கெனவே விரித்துவிடுவதால்தான் இப்படிக் காலைப் பிடித்து எடுக்க முடிகிறது. ஒற்றைக் குழந்தை கால் முதலில் வருவதோடு இதை ஒப்பிட முடியாது.

இந்தக் கைவேலை தெரிந்தவர் இல்லாத இடத்தில் இதே நிலைமை வந்திருந்தால் என்ன ஆகும்? வெளியிலிருந்து வயிற்றைத் தள்ளித் திருப்பிப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் அவசர சிசேரியன். தொப்புள்கொடி முன்னால் நழுவி விழுந்தாலோ நஞ்சுக்கொடி பிரியத் தொடங்கினாலோ அதற்கு நிமிடங்கள்தான் இருக்கும்.

இடுப்புக்குக் கீழே வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது வேண்டாம் என்றுதான் பிடிவாதமாக இருந்தேன். டாக்டர் ஒன்றுதான் சொன்னார்: "உங்க வலிக்காக மட்டும் சொல்லலம்மா, ரெண்டாவது குழந்தைக்காக நான் கையை உள்ள விட வேண்டி வந்தா, இல்ல உடனே தியேட்டருக்குப் போக வேண்டி வந்தா, முழு மயக்கம் கொடுக்காம செய்யலாம்." ஒத்துக்கொண்டேன். கட்டாயம் இல்லைதான், ஊசி போடாமல் பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒற்றைப் பிரசவத்தில் வேண்டாம் என்று சொல்வதற்கான காரணங்களை அப்படியே எடுத்துவந்து இரட்டைப் பிரசவத்தில் பொருத்தாதீர்கள்.

## யாருக்கு எது

தனித்தனி நஞ்சுக்கொடி, முதல் குழந்தை தலை கீழே, ஏற்கெனவே சுகப்பிரசவம், பக்கத்திலேயே முழு வசதியுள்ள மருத்துவமனை: முதல் வழி. முதல் பிரசவம், அல்லது ஒரே நஞ்சுக்கொடி, அல்லது மருத்துவமனை தொலைவு, ஆனால் நல்ல குழு இருக்கிறது: இரண்டாவது. முதல் குழந்தை தலை கீழே இல்லை, அல்லது ஆழ்ந்த பயம், அல்லது பழகிய கைகள் இல்லாத மருத்துவமனை, வேறு இடத்துக்கு மாறவும் வழியில்லை: மூன்றாவது. கடைசியாகச் சொன்ன காரணத்துக்காகச் சிசேரியனைத் தேர்ந்தெடுப்பது தோல்வி இல்லை, மிகச் சரியான முடிவு.

## டாக்டரிடம் கேட்க வேண்டியவை

28, 30 வாரத்துக்குள் இந்தப் பேச்சை முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு மருத்துவமனை மாற்றுவது சிரமம்.

- இரண்டாவது குழந்தையின் தலை கீழே இல்லை என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?
- காலைப் பிடித்து எடுக்கத் தெரிந்தவர் இரவிலும் விடுமுறை நாளிலும் இருப்பாரா?
- அவசரம் என்றால் பிரசவ அறையிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு எத்தனை நிமிடம்?
- இரண்டு குழந்தைகளையும் ஒரே நேரத்தில் கவனிக்க இரண்டு தனிக் குழுக்கள் இருக்குமா? பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இங்கேயே இருக்கிறதா?

முதல் கேள்விக்கு "அப்படியே தலைகீழா இல்லாட்டி உடனே சிசேரியன்தான்" என்று பதில் வந்தால் அதைத் தவறான பதில் என்று நினைக்காதீர்கள், அது நேர்மையான பதில். அந்த டாக்டரிடம் திட்டமிட்ட சிசேரியன் செய்துகொள்ளுங்கள், அல்லது இன்னும் நேரம் இருக்கும்போதே சுகப்பிரசவத்துக்கு வேறு டாக்டரைத் தேடுங்கள். நான் முதலில் பார்த்த டாக்டர் இதே பதிலைத்தான் சொன்னார், 29 வாரத்தில். நான்கு நாள் யோசித்துவிட்டு மருத்துவமனையை மாற்றினேன், அந்த ரிப்போர்ட்டுகளையெல்லாம் எடுத்துக் கொடுத்து என்னைப் புது இடத்துக்கு அனுப்பி வைத்தவரும் அவரேதான்.